சோலார் கொட்டேஷனில் ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரு வரி இருந்தால் முழுப் பாலிசியையும் கேளுங்கள்

மாடியில் சோலார் போடக் கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பவர்கள் அந்தத் தாளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கடைசி வரிகளில் ‘இன்சூரன்ஸ்’ என்று போட்டு ஒரு தொகை இருக்கிறதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு திண்டிவனம் பக்கம். 2024-இல், மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் போட்டோம். ஆறு பேனல், ஒரு இன்வெர்ட்டர், மொத்தம் ரூ.2,05,000. மானியம் ரூ.78,000 கணக்கில் சரியாக ஏறியது, அதில் குறையே இல்லை. கொட்டேஷனில் ‘இன்சூரன்ஸ் ரூ.6,500’ என்று தனி வரி. இது எதற்கு என்று கேட்டேன். “புயல், இடி, தீ, எல்லாத்துக்கும் கவர் ஆகும்ணே. அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேணாம்” என்றார் வந்திருந்த தம்பி. பாலிசி எங்கே என்றதற்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பக்கம் வந்தது. காப்பீட்டுக் கம்பெனியின் லோகோ, பாலிசி எண், எங்கள் வீட்டு முகவரி, அவ்வளவுதான். “மிச்சமெல்லாம் ஆபீஸ்ல இருக்குண்ணே.”

அதே வருடம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மாடிக்குப் போனால் ஓரத்து இரண்டு பேனல்கள் ஸ்டாண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் மோதிக் கிடந்தன. கண்ணாடி முழுக்கப் பொடியாகியும் உதிரவில்லை. பின்பக்க ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு ஈரத்துணி மாதிரி மடிந்து தொங்கியது. மூன்றாவது பேனல் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் குறுக்கே விரிசல். போன கரண்ட் திரும்பி வந்தபோது இன்வெர்ட்டரும் போனது. டிஸ்ப்ளே வரவே இல்லை, கிட்டே போனால் கருகின வாடை.

சோலார் போட்டுக் கொடுத்த வெண்டர் முதலில் போன் எடுத்தார், பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார். பில் நகலோடு மெயிலில் எழுதிக் கேட்ட பிறகுதான் முழுப் பாலிசி வந்தது. காப்பீடு பெறுபவர் என்ற இடத்தில் எங்கள் பெயர் இல்லை, வெண்டர் கம்பெனியின் பெயர் இருந்தது. எங்கள் முகவரி ‘வேலை நடக்கும் இடம்’ என்ற கட்டத்தில். பாலிசியின் வகை எரெக்ஷன் ஆல் ரிஸ்க். சரக்கு வந்து இறங்கியதிலிருந்து, பொருத்தி, டெஸ்ட் பண்ணி ஓடவிடும் வரை ஏதாவது உடைந்தால் தன் கை கடிக்காமல் இருக்கக் காண்ட்ராக்டர் எடுத்துக்கொள்ளும் பாலிசி அது. நெட் மீட்டர் (நாம் அனுப்பும் கரண்டையும் எடுக்கும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்த அதே வாரத்தில் காலம் முடிந்திருந்தது. தன் தொழிலுக்கு எடுத்த பாலிசியின் பிரீமியத்தை எங்கள் தலையில் கட்டி, அதையே ஐந்து வருடப் பாதுகாப்பு என்று விற்றிருக்கிறார்கள். இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்து வருடம் என்பது திட்டத்தின்படி வெண்டர் செய்து தர வேண்டிய பராமரிப்பு. அந்த ஐந்தைத்தான் தூக்கி இன்சூரன்ஸ் மேல் ஒட்டிப் பேசியிருக்கிறார்கள். பேனல் கம்பெனி தரும் 25 வருட வாரன்டியையும் இப்படித்தான் குழப்புவார்கள். அது மின் உற்பத்தி சொன்ன அளவுக்குக் கீழே குறையாது என்ற உத்தரவாதம். புயலில் பிய்ந்ததற்கு அதில் ஒரு பைசா வராது.

அடுத்து, வீட்டுக் கடனோடு வங்கி மூலம் எடுத்திருந்த பாரத் கிரிஹ ரக்ஷா பாலிசி. வீட்டுக்கான அடிப்படைப் பாலிசியை 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில்தான் தர வேண்டும். அந்தப் பாலிசி இது. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், “சோலார்லாம் இதுல வராது சார், பில்டிங்குக்கு மட்டும்தான்” என்று கிளெய்ம் ஃபார்மைக்கூடத் தரவில்லை. பாலிசி வாசகத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். கட்டிடம் என்றால் என்ன என்று சொல்லும் பகுதியிலேயே காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி இவற்றோடு சோலார் பேனலும் அச்சாகியிருக்கிறது! அந்தப் பக்கத்தை இணைத்துக் கம்பெனிக்கே நேராக மெயில் அனுப்பினேன்.

சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், நிதானமாகப் பார்த்தார். உடைந்த பேனலைக் கவிழ்த்துப் பின்னால் ஒட்டியிருந்த சீரியல் நம்பரை பில்லில் இருந்ததோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எழுதினார். எங்கள் பில்லில் ஆறு நம்பரும் இருந்தன. உங்கள் பில்லில் இல்லையென்றால் இன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஸ்டிக்கரைப் போட்டோவும் எடுத்து வையுங்கள். ஸ்டாண்டில் ஏறிய பிறகு அந்த ஸ்டிக்கர் எளிதில் கண்ணில் படாது.

அதன் பிறகும் கம்பெனி, சோலார் பின்னால் போட்டது, காப்பீட்டுத் தொகையில் அதன் மதிப்பு சேரவில்லை என்று இழுத்தது. காப்பீட்டுத் தொகை குறைவு என்று காரணம் சொல்லி கிளெய்மில் கழிக்கக் கூடாது என்ற ஷரத்து அந்தப் பாலிசியிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். மூன்று பேனலுக்கும் ஸ்டாண்டுக்கும் பணம் வந்தது. வந்திராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஒம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போயிருப்பேன். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ அங்கே போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் இந்த இழுபறி உங்களுக்கு எதற்கு? சோலார் போட்டவுடன் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (பின்னால் சேர்க்கும் திருத்தக் குறிப்பு) போட்டுச் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும்போது மானியத்தைக் கழித்த தொகையைப் போட வேண்டாம், முழு விலையையும் போடுங்கள். உடைந்ததை மாற்றும்போது மானியம் மறுபடி வராது.

இன்வெர்ட்டருக்கு ஒன்றும் வரவில்லை. ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தம், மின்கசிவு இவற்றால் ஒரு மின்கருவி எரிந்தால் அந்தக் கருவிக்கு இழப்பீடு இல்லை என்று விலக்குப் பட்டியலில் தெளிவாக இருக்கிறது. இடி காரணமாக நடந்தாலும் இதே கதி. அதிலிருந்து தீ பரவி வேறு ஏதாவது எரிந்தால் அதற்கு உண்டு, கருவிக்குக் கிடையாது. சோலாரில் ஒரே அடியாகப் போகக்கூடிய விலையுயர்ந்த பெட்டி இன்வெர்ட்டர்தான். அதற்கு மின்கருவிப் பழுதுக்கான கூடுதல் கவரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். “எல்லாம் கவர் ஆகும்” என்பவரிடம், “கரண்ட் ஏறி இன்வெர்ட்டர் எரிந்தால் பணம் வருமா, எந்த ஷரத்தில் இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். திருட்டும் அப்படித்தான். இந்தப் பாலிசியில் புயல், தீ மாதிரி ஒரு விபத்து நடந்து ஏழு நாளுக்குள் போனால்தான் திருட்டுக்குப் பணம். சும்மா ஒரு ராத்திரி யாராவது செம்புக் கேபிளை உருவிக்கொண்டு போனால் வராது, அதற்கும் தனிக் கவர் வேண்டும்.

வெண்டர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம். இதற்கிடையில் எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டுக்கு அதே வெண்டரின் கொட்டேஷன் வந்திருக்கிறது. அதே வரி, தொகை மட்டும் ரூ.7,500 ஆகியிருக்கிறது. இதுபோலப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் பில்லையும் வாட்ஸ்அப்பில் வந்த பக்கத்தையும் அழித்துவிடாதீர்கள். புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு.