உழவர் சந்தை, வாரச்சந்தை, இயற்கைச் சந்தை: எதை எங்கே வாங்குவது?

கத்தரி, வெண்டை, கீரைக்கு உழவர் சந்தை. மிளகாய் வற்றல், புளி, நாட்டுக்கோழிக்கு வாரச்சந்தை. அரிசி, பருப்புக்கு இயற்கைச் சந்தை. அவசரக்காரர்களுக்கு இது போதும். மூன்றுக்கும் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள்தான் கடைசியில் நஷ்டப்படுகிறார்கள். குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார், அந்தப் பொருள் செடியைவிட்டு இறங்கி எத்தனை நாளாயிற்று என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் கணக்கு மாறும்.

உழவர் சந்தை

தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திறக்கப்பட்டது. அப்போது முதல்வர் மு. கருணாநிதி. பஞ்சாபின் 'அப்னி மண்டி'யும் ஆந்திரத்தின் 'ரைத்து பஜா'ரும் அதற்கு முன்னோடிகள். கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை, தராசும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். அடையாள அட்டை உள்ள விவசாயிதான் உட்காரலாம்.

விலை எப்படி முடிவாகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. அன்றைய மொத்த விலையைவிட 20 சதவீதம் வரை கூட்டியும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைத்தும் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். மண்டியில் கிலோ 20 ரூபாய்க்குப் போகும் கத்தரிக்காய் வெளியே 28 ரூபாய்க்கு விற்றால், பலகையில் 24 ரூபாயை ஒட்டி இருக்கும். அதற்குமேல் பேரம் பேசுவதில் பெரிய பயன் கிடையாது. கேட்க வேண்டியது கொசுறு. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

போகும் நேரம்தான் முக்கியம். விடிந்ததும் போனால் காய் பொறுக்கலாம். ஒன்பது மணிக்கு மேல் போனால் விலை இறங்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் இறங்காது. கீரை, வெண்டை, நன்றாகப் பழுத்த தக்காளி மூன்றையும் திரும்பக் கொண்டுபோக யாரும் விரும்புவதில்லை, அவை இறங்கும். பூசணி, சேனை, தேங்காய் நாளைக்கும் விற்கும் என்பதால் விலை அசையாது. அவற்றுக்காகக் காத்திருப்பது வீண்.

அட்டை இருந்தும் வியாபாரிகள் உள்ளே நுழைவது பழைய குறை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விவசாயியின் கடையில் இரண்டு மூன்று வகைதான் இருக்கும். அளவு ஒன்றுபோல இராது, கோணலும் சொத்தையும் கலந்திருக்கும். ஒரே கடையில் கத்தரி, கேரட், பீன்ஸ், முருங்கை, உருளை எல்லாம் பளபளவென்று வரிசையாக இருந்தால் அது மண்டிச் சரக்கு. கேரட்டும் உருளையும் சமவெளித் தோட்டத்தில் பொதுவாக விளைவதில்லை. மலைக்காய் விற்க மகளிர் குழுக்களுக்கு இடம் கொடுத்திருக்கும் சந்தைகள் உண்டு, அது வேறு கணக்கு. சந்தேகம் வந்தால், "அடுத்த பறிப்பு எப்போ?" என்று கேளுங்கள். கத்தரியும் வெண்டையும் ஒன்றுவிட்டு ஒரு நாளோ இரண்டு நாள் இடைவெளியிலோ பறிக்கப்படுபவை. தோட்டக்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், விற்கிறவருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும். ஒடிக்காமலே காம்பு வெட்டுவாயைப் பாருங்கள்: பச்சையாக ஈரம் இருந்தால் அன்றைய காய், பழுப்பேறியிருந்தால் நேற்றையது அல்லது அதற்கும் முந்தியது. கத்தரிக்கும் இதே சோதனை. கீரையை வேரோடு பிடுங்கிய கட்டாக வாங்கினால், வேரை மட்டும் தண்ணீரில் நிறுத்தி அடுத்த நாள் காலைவரை வைக்கலாம். கழுவி வைத்தால் இலை அழுகும். ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றுவதே சரி.

மழைக்காலத்தில் உழவர் சந்தை தடுமாறும். ஐப்பசி, கார்த்திகையில் கீரைப்பாத்தியில் தண்ணீர் நிற்கும், முருங்கைப்பூ கொட்டும். அதனால்தான் கார்த்திகை, மார்கழியில் முருங்கை விலை ஏறுகிறது. பங்குனிக்கு மேல் மலிகிறது. அந்த இரண்டு மாதமும் முருங்கைக்காயை விட்டுவிட்டு அவரைக்கு மாறுகிறவர்கள் புத்திசாலிகள். ஆடிப்பட்டத்தில் போட்ட அவரை அப்போதுதான் காய்த்துத் தள்ளும். தக்காளிக்கு எதிரி வெயில். கோடை உச்சத்தில் பூ பிஞ்சாகாமல் உதிர்வதால் அடுத்த சில வாரங்கள் வரத்து சுருங்கும்.

வாரச்சந்தை

இங்கே பலகை விலை கிடையாது. இடம் ஊராட்சி அல்லது பேரூராட்சியுடையது; சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடுகிறார்கள். கூலி கைக்கு வரும் நாளை ஒட்டிச் சந்தை கூடும் ஊர்கள் பல. எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச்சந்தை, மேலப்பாளையத்தில் செவ்வாய், அய்யலூரில் வியாழன் என்று ஊருக்கு ஒரு கிழமை. வரன் விசாரிப்பது, ஆள் பேசுவது, வாங்கிய கடனைத் திருப்புவது எல்லாம் அந்த ஒரு நாளில் முடியும். இந்தப் பேச்சுவார்த்தைக்கு உழவர் சந்தையில் நேரமில்லை. அங்கே விவசாயி பத்து மணிக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும்.

வாரச்சந்தையின் பலவீனமும் இந்தக் கிழமைச் சுற்றில்தான் இருக்கிறது. வியாபாரி திங்கட்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை அடுத்த ஊர் என்று சுற்றுகிறார். நேற்று மிஞ்சிய பீர்க்கு இன்று தண்ணீர் தெளிக்கப்பட்டு இங்கே மேலே வரும். ஆகவே பச்சைக்காயை அந்த ஊர்க்காரர் சாக்கு விரித்து விற்கும் சிறு கூறுகளில் மட்டும் வாங்கலாம். கூறு வாங்கும்போது அடியில் உள்ளதையும் புரட்டிப் பாருங்கள். நிறுத்து வாங்கினால் எடைக்கல்லில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று ஒரு பார்வை. கல்லுக்குப் பதில் செங்கல்லோ பழைய இரும்போ தட்டில் ஏறினால் நகர்ந்துவிடுங்கள்.

காய்ந்த சரக்கில் வாரச்சந்தையை அடிக்க ஆளில்லை. மிளகாய் வற்றலைக் கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். வளைந்து ஒடியாமல் இருந்தால் ஈரம், அந்த எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். வீட்டில் பூசணமும் பிடிக்கும். வெளுத்த திட்டுகள் காயும்போது நனைந்ததற்கு அடையாளம். காரத்துக்கு நீட்டு மிளகாய், நிறத்துக்கும் மணத்துக்கும் ராமநாதபுரம் முண்டு (2023இல் புவிசார் குறியீடு பெற்றது). புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும். புதுப்புளி வெளிர் பழுப்பு, நாளாக ஆகக் கறுக்கும். ஆண்டுக்கு வேண்டியதை அப்போது வாங்கி, கொட்டை நீக்கி, வெயிலில் உலர்த்தி, கல்லுப்பு இடையிடையே தூவி ஜாடியில் அடைத்தால் கெடாது. சின்ன வெங்காயத்தில் கழுத்துப் பகுதி சருகாக இறுகியிருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் ஒரு வாரத்தில் முளைக்கும்.

தைப்பொங்கலுக்கு முந்தைய வாரம் மட்டும் வாரச்சந்தை எல்லாவற்றிலும் முந்தும். மஞ்சள் கொத்து, கரும்பு, பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மொச்சை, சிறுகிழங்கு என்று வந்து குவியும். மொச்சையைத் தோலோடு வாங்குவதே நல்லது. உரித்த பருப்பு ஏறத்தாழ காய் எடையில் பாதிதான் வரும். ஆகவே உரித்ததன் விலை காயின் விலையைப் போல இரு மடங்குக்குள் இருந்தால் நேரத்தை மிச்சப்படுத்தலாம், மேலே போனால் உட்கார்ந்து உரியுங்கள்.

இயற்கைச் சந்தை

நகரங்களில் வாரக்கடைசியில் கூடும் இச்சந்தைகளில் விலை கூடுதல். கீரைக்கு அந்தக் கூடுதலைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஏனென்றால் அருகில் விளைந்த கீரையின் ருசி உழவர் சந்தையிலும் கிடைக்கும். பூச்சிமருந்துதான் கவலை என்றால் அது வேறு பேச்சு. அப்போது வாய்வார்த்தை போதாது, சான்றைக் கேளுங்கள். பிஜிஎஸ் என்பது குறைந்தது 5 விவசாயிகள் கொண்ட உள்ளூர்க் குழு ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்வையிட்டுத் தரும் சான்று. அதில் 'கிரீன்' என்றால் மாறிக்கொண்டிருக்கும் நிலம், 'ஆர்கானிக்' என்றால் முழுமையாக மாறியது. பலர் முதலாவதைக் காட்டி இரண்டாவதன் விலையைக் கேட்கிறார்கள்.

அரிசிக்கும் பருப்புக்கும் இங்கே வருவது தகும். மாப்பிள்ளைச் சம்பா சுமார் 160 நாள் பயிர், சம்பாப் பட்டத்தில் போட்டுத் தை, மாசியில் அறுப்பது. ஐப்பசியில் ஒருவர் "புது அறுவடை" என்று அதை நீட்டினால் மேற்கொண்டு கேள்வி கேளுங்கள். செம்மண் கட்டிய (செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து உடைத்த) துவரம்பருப்பு இங்கேதான் எளிதாகக் கிடைக்கும். மருந்தில்லாத பருப்பு என்பதால் வண்டு விழும். வாங்கியதும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகே டப்பாவில் போடவும். சூடாக அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நாட்டு விதை வாங்க வேண்டுமென்றாலும் இதுவே இடம்.

விற்கிறவர் பக்கமிருந்து

நாளுக்கு 25 கிலோ கத்தரியும் நாற்பது கட்டுக் கீரையும் உள்ளவருக்கு உழவர் சந்தை லாபம். 300 கிலோ தக்காளி பறித்தவருக்கு அது தலைவலி. நான்கு மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு கிலோ என்று விற்றால் நிமிடத்துக்கு ஒருவருக்கு மேல் நிறுத்துப் போட்டு, காசு வாங்கிச் சில்லறையும் கொடுக்க வேண்டும். ஒரு கையால் ஆகாது. நூற்றுக்குப் பத்து தரகு போனாலும் மண்டியே அவருக்குச் சரி. நடுவில் நூறு கிலோ வைத்திருப்பவர்கள் முதல் பறிப்பில் பொறுக்கிய முப்பது நாற்பது கிலோவை உழவர் சந்தைக்கும் மீதியை மண்டிக்கும் பிரிக்கலாம்.

அட்டைக்கு நிலத்தின் சிட்டா, அடங்கல், புகைப்படத்தோடு சந்தை நிர்வாக அலுவலரை அணுக வேண்டும். தோட்டத்தை நேரில் பார்த்து என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று குறித்த பிறகே அட்டை வரும். பயிர் மாற்றியதும் அதைப் பதிந்துவிடுவது நல்லது. வெண்டைக்குப் பதிந்த அட்டையோடு புடலை மூட்டையை இறக்கினால், வாசலிலேயே கேள்வி வரும்.