வீட்டு சர்வரும் மாறும் ஐபி முகவரியும்: நான்கு ஆண்டு அனுபவம்

மதுரை திருநகர் வீட்டில் டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கையளவு கணினி ஓடிக்கொண்டிருக்கிறது; அதுதான் என் சர்வர். அப்பா எடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறேன். சென்னையிலிருக்கும் அக்காவும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழுந்தால் பெரும்பாலும் புது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் வீட்டை அடையாளம் காட்டும் எண். முதலில் அதை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ் சேவையான டக்டிஎன்எஸ்ஸில் இலவசமாக ஒரு பெயர் வாங்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) ஒரு கர்ல் கட்டளை வரி ஓடி, அன்றைய முகவரியை அந்தப் பெயரோடு சேர்த்துவிடும். சர்வரை நேராக வெளியே திறந்துவிட மனமில்லை. வெளியிலிருந்து வீட்டுக்குப் பாதுகாப்பான தனி வழி போடும் விபிஎன் மென்பொருளான வயர்கார்டுக்காக, ரவுட்டரில் யுடிபி 51820 என்ற ஒரு போர்ட்டை (வாசலை) மட்டும் திறந்தேன்.

ஒருநாள் அக்கா போன் செய்தாள். "என்னடா தம்பி, காலையிலேர்ந்து ஒண்ணும் திறக்கல?" பெயர் புது முகவரியைச் சரியாகவே காட்டியது. அரை நாள் தேடிய பிறகுதான் புரிந்தது. அவளுடைய லினக்ஸ் மடிக்கணினியில் வயர்கார்டு, இணைப்பைத் தொடங்கும்போது மட்டும் பெயரை முகவரியாக மாற்றிக்கொள்கிறது. பிறகு பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கிறது. அணைத்துப் போட்டதும் வந்துவிட்டது. வயர்கார்டு கருவிகளோடு இதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு மேல் மறுமுனை பேசாவிட்டால் பெயரை மீண்டும் தேடும். அதை வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் ஆண்டில்தான் பெரிய அடி. வெளியிலிருந்து எதுவுமே எட்டவில்லை. ரவுட்டரில் 100.72 என்று தொடங்கும் முகவரி, நம் முகவரியைச் சொல்லும் வெளித்தளத்தில் பார்த்தால் வேறொன்று. சிஜிநாட்! இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி தரும் முறை. வெளியிலிருந்து தட்டினால் அது யார் வீட்டுக்கு என்று அங்கே தெரியாது. டைனமிக் டிஎன்எஸ் இதில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றிவிட்டார்களே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. நிலையான ஐபிக்கு மாதாமாதம் தனிக் காசு கேட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரவுட்டர் காட்டுவதும் வெளித்தளம் காட்டுவதும் ஒரே முகவரியா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இருந்தால் டக்டிஎன்எஸ் தாராளமாகப் போதும்.

இரண்டு கருவிகளையும் தானே இணைத்துவைக்கும் டெயில்ஸ்கேல் என்ற சேவைக்கு நான் மாறி ஒரு வருடமாகிறது. இரண்டு முனையும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்திப்பதால் போர்ட் திறக்கும் வேலையே இல்லை. இன்னொருவர் கணக்கை நம்பியிருப்பது மட்டும் உறுத்துகிறது.

போன வாரம் பகல் முழுக்கப் பராமரிப்பு மின்தடை. கரண்ட் வந்த பத்தாவது நிமிடம், தெப்பத் திருவிழாவில் அப்பா எடுத்த படத்தைத் திறந்துவிட்டு அக்கா கேட்டிருந்தாள்: "ஓரத்துல நிக்கிறது சித்தியா?"