பழைய வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி: பொருளில் குறையில்லை, நியூட்ரலில்தான் வில்லங்கம்

கிட்காட் ப்யூஸ் பலகையைக் கழற்றிவிட்டுப் புது டிபி பாக்ஸ் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வைக்கும் வீடுகளில் வழக்கமாக ஏறுவது டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்), 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். கடையில் பலர் இன்னும் ஈஎல்சிபி என்றுதான் சொல்வார்கள். ஹேவல்ஸ், லெக்ராண்ட், ஷ்னைடர் எதுவானாலும் அடிப்படை வேலை ஒன்றே. ஐஎஸ் 12640 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் இருந்தால் 'ஏசி' டைப் (ஏர்கண்டிஷனர் அல்ல, ஆர்சிசிபியின் வகைப் பெயர்) வேண்டாம், 'ஏ' டைப் கேளுங்கள்.

பேஸில் போகும் கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்பதை மட்டுமே இது கவனிக்கும். 15-க்கும் 30 மில்லி ஆம்பியருக்கும் இடையே கசிந்தால் விழலாம், 30-ஐத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பதில் எம்சிபி (ஓவர்லோட், ஷார்ட் ஆனால் விழும் சுவிட்ச்) இதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஓவர்லோடும் ஷார்ட்டும் இதற்குத் தெரியாது. மேலே எழுதியிருக்கும் 40 ஆம்பியர் அது தாங்கும் அளவு, அவ்வளவுதான். முன்னால் 32 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி இல்லாமல் மாட்டக்கூடாது.

'மாட்டிய நாளிலிருந்து நிற்கவே இல்லை, மட்டமான சரக்கு' என்ற புகார் பழைய வீடுகளில் சகஜம். பெரும்பாலும் பழி வயரிங்கைத்தான் சேரும். மரப்பட்டி வயரிங் காலத்தில் இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலை இழுத்திருப்பார்கள். பேஸ் ஆர்சிசிபி வழியாகப் போய், நியூட்ரல் வேறு பாதையில் திரும்பினால் லைட் போட்டதும் விழும். எர்த் வயர் இல்லாத த்ரீ பின் சாக்கெட்டில் எர்த் பின்னை நியூட்ரலோடு லூப் அடித்திருந்தாலும், மற்ற இடத்து எர்த்தோடு அது எங்காவது சேர்ந்தவுடன் இதே கதைதான். அந்த லூப் உயிருக்கே ஆபத்து: நியூட்ரல் அறுந்தால் கிரைண்டர் உடம்பு முழுக்க பேஸ் ஏறும். நியூட்ரலில் இருக்கும் ப்யூஸையும் தூக்கிவிட வேண்டும். அது போனால் பல்பு அணையும், லைனில் கரண்ட் இருக்கும்.

கரண்ட் இருக்கும்போது மட்டும் விழுந்து, பேட்டரியில் ஒழுங்காக ஓடினால் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலைத் தேடுங்கள். அது ஆர்சிசிபிக்கு முந்தைய நியூட்ரல் பாரில் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) உட்கார்ந்திருக்கும். பேட்டரியில் ஓடும் லைனை மேலே இருக்கும் ஆர்சிசிபி காக்கும் என்றும் நம்ப வேண்டாம்.

மாட்டும் முன் 500 வோல்ட் மெகர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) போட்டே ஆக வேண்டும். பல்பு, ஃபேன், சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றி, சர்க்யூட் சர்க்யூட்டாகப் பேஸ், நியூட்ரல் இரண்டையும் எர்த்துக்கு அளக்கவும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த வயரை மாற்றுவதே வழி. அலுமினிய வயரை அளக்கவே வேண்டாம், பிடுங்கிவிடலாம். ஸ்க்ரூவுக்கடியில் நசுங்கி, லூஸாகி, சூடாகிக் கருகும். புது வயர் செம்புதான்: லைட்டுக்கு 1.5, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் கீசருக்கும் 2.5, ஒன்றரை டன் ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர். கவுண்டரில் பழைய கேஜ் கணக்கில் 3/20, 7/20 என்று பேசினாலும் சுருளில் அச்சிட்ட சதுர மில்லிமீட்டரைப் பாருங்கள்.

டெஸ்ட் பட்டன் நல்ல வசதி, ஆனால் அதை வைத்து ஏமாறுபவர்கள் அதிகம். அமுக்கினால் விழுகிறது என்றால் உள்ளே மெக்கானிசம் சரி என்று மட்டுமே பொருள். வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும். எர்த் சரியாக இருந்தால் கசிந்தவுடன் விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகு விழும்.

வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று போடுவது பொய்ச் சிக்கனம். கீசர் எலிமென்ட் கசிந்தால் ராத்திரியில் ஃப்ரிட்ஜும் சேர்ந்து நிற்கும். கீசர், மோட்டார், வாஷிங் மெஷினுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று பிரித்து, நியூட்ரல் பாரையும் இரண்டாக்குங்கள். பாக்ஸ் வாங்கும்போது மாட்யூலை (பெட்டிக்குள் ஒரு எம்சிபி பிடிக்கும் இடம்) எண்ணுங்கள்: மெயின் 2, ஆர்சிசிபி இரண்டுக்கும் 4, வெளியே போகும் எம்சிபிகள் 8, மொத்தம் 14. எட்டு வே பாக்ஸில் இது அடங்காது.