மாந்தோப்பில் மெஷ்டாஸ்டிக்: பக்கத்தில் யார் என்று சொல்லுமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் எங்கள் தோப்பில் டவர் கிடைப்பது மேட்டில் மட்டும்தான். மோட்டார் கொட்டகை இருக்கும் பள்ளத்தில் போன் வெறும் டார்ச் லைட். பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்கு லாரி ஏறும்வரை ராக்காவல் போட்டாக வேண்டும். காவலுக்கு இருக்கும் அண்ணனோடு பேச ஒரு வழி வேண்டும். அதற்காக மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் ஏற்றிய லோரா போர்டு மூன்று வாங்கினேன். லோரா என்பது கொஞ்சக் கரண்டில் நெடுந்தூரம் போகும் ரேடியோ. ஒன்று சுமார் 3,000 ரூபாய். சிம் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. போன் ஆப்போடு புளூடூத்தில் சேர்ந்துகொண்டு, செய்தியைப் போர்டுக்குப் போர்டு கடத்திவிடும்.

அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொட்டகையில் ஒன்று, மேட்டுப் பாறையில் ஒன்று, என் கையில் ஒன்று. பள்ளத்திலிருந்து நேராக வராத செய்தி பாறை வழியாக வந்துவிடுகிறது. நடுவில் ஒரு போர்டு வாங்கிக் கடத்துவதைத் தாவல் என்கிறேன். ஒரு செய்தி வழக்கமாக 3 தாவல் வரை போகும். 7 வரை கூட்டலாம். எனக்கு ஒன்றே போதும்.

சிக்கல் ஆப்பில் வரும் போர்டுப் பட்டியலில்தான். யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் இடம் போலத் தெரியும். அப்படி நம்பக் கூடாது. அது காட்டுவது யாருடைய குரல் எப்போது காதில் விழுந்தது என்பதை மட்டும். 2 மணி நேரத்துக்குள் ஏதாவது கேட்டிருந்தாலே ‘ஆன்லைன்’ கணக்கில் சேர்த்துவிடும். கொட்டகைப் போர்டை அணைத்துவிட்டுப் பாருங்கள், சாப்பிட்டு முடித்த பிறகும் உயிரோடிருப்பதாகவே காட்டும். போர்டு தன் பெயரை ஊருக்கு அறிவிப்பதும் வழக்கமாக 3 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். காற்றலை நெரியக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் ‘இப்போது யார் இருக்கிறார்’ என்று கேட்பவனுக்கு அது உதவாது.

நான் பெயரைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கடைசியாகக் கேட்ட நேரம், தாவல் எண்ணிக்கை, இந்த இரண்டுதான் கணக்கு. தாவல் இல்லாமல் நேராக வந்தால்தான் சிக்னல் அளவுக்கே அர்த்தம் உண்டு. சந்தேகம் வந்தால் ‘ட்ரேஸ் ரூட்’ அழுத்துவேன். போர்டு உயிரோடிருந்தால், எந்த வழியாக எந்த அளவு சிக்னலோடு பதில் வந்தது என்று காட்டிவிடும். பட்டியலைவிட இந்த ஒரு பொத்தான் மேல்.

சிக்னல் அளவை வைத்துத் தூரத்தையும் சொல்ல முடியாது. ஒரு ராத்திரி, கொட்டகைப் போர்டோடு சுற்றப் போன காவல் அண்ணன், “தம்பி, நான் எங்க நிக்கிறேன்னு உங்க டப்பா சொல்லுதா?” என்று கேட்டு அனுப்பினார். சிக்னல் மிக மெலிந்து காட்டியது. வேலிக் கடைசிக்குப் போய்விட்டார் என்று நினைத்தால், எனக்கு நாலு மரம் தள்ளி, பெரிய குண்டுப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிய போர்டில் ஜிபிஎஸ் கிடையாது. போன் இடத்தைக் கொடுத்தால்தான் உண்டு.

பெயர் வைப்பதிலும் ஒரு வேடிக்கை. பெட்டியிலிருந்து எடுத்ததும் மூன்றும் ஒரே பெயரில், கடைசி நாலு எழுத்து மட்டும் மாறி நிற்கும். குறும்பெயருக்குக் கொடுத்திருப்பது 4 பைட், அதாவது ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கான இடம். தமிழில் ‘க’ ஒன்றே 3 பைட். கால் போட்டால் 6 ஆகிவிடும், ஏற்காது. போர்டின் சின்னத் திரையிலும் தமிழ் வராது. நம்மூர்ப் பெயரெல்லாம் ஆப்போடு சரி. நான் மாங்காய், பாறை, மோட்டார் என்று குறிக்க ஆளுக்கொரு எண் போட்டு, மார்க்கர் பேனாவால் பெட்டி மேலும் எழுதிவிட்டேன்.

பேட்டரி? என் போர்டில் இருக்கும் இஎஸ்பி32 சிப் கரண்ட் தின்னும். பாறை மேல் வைப்பதற்கு, குறைவாகத் தின்னும் என்ஆர்எஃப்52 சிப் உள்ளதாக வாங்கி, சிறு சோலார் தகடு மாட்டுவது உத்தமம்.

வாங்குவதாக இருந்தால் 868 என்று போட்ட போர்டையே கேளுங்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தலாம். அமைப்பில் நாட்டைத் தேர்ந்தெடுக்காதவரை போர்டு ஒலிபரப்பவே செய்யாது, இந்தியா என்று வையுங்கள். எனக்கு விற்றவர் ஒரு பெட்டியில் இதற்குப் பொருந்தாத 433 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா வைத்து அனுப்பி, மாற்றித் தர இழுத்தடித்தார். ஆன்டெனா மாட்டாமல் மட்டும் ஆன் பண்ணாதீர்கள், சிப் போய்விடக்கூடும்.

காவலுக்குச் செய்தி சொல்ல மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆளோ மாடோ எங்கே நிற்கிறது என்று தேடுவதற்கு என்றால் ஜிபிஎஸ் உள்ளதற்குக் கூடுதல் காசு கொடுங்கள்.