போரோமிரின் மரணம்: புத்தகம், ஒலிப்புத்தகம், படம் – எதில் தொடங்குவது?

(கதையின் முக்கியத் திருப்பங்கள் இதில் வருகின்றன.)

எபிக் ஃபேண்டஸியில், அதாவது மாய உலகப் பெருங்கதைகளில், நெஞ்சைப் பிசையும் மரணம் எது என்றால், டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் வரும் வீரன் போரோமிரின் மரணத்தைத்தான் முதலில் சொல்வேன். அதற்காகவே இந்த நாவலை வாங்குவதானால், மூன்று பாகங்களாக வேண்டாம். ஒரே தொகுதியாக வாங்குங்கள். தீய சக்தியுள்ள மோதிரத்தைப் பறிக்க, அதைச் சுமந்துசெல்லும் ஃப்ரோடோமேல் போரோமிர் பாய்வது முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில். அவன் சாவது இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில். ஒரே நாவலாக எழுதப்பட்டதைப் பதிப்பகம்தான் 1954, 1955இல் மூன்றாகப் பிரித்து வெளியிட்டது. ஒரு பாகத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட நாளானால் சூடு ஆறிவிடும். அந்த இரண்டு அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும்.

புத்தகத்தில் போரோமிர் சாகும் சண்டை நம் கண்முன் நடப்பதே இல்லை. அமோன் ஹென் குன்றின்மேல் இருக்கும் பயணத் தோழன் அரகோர்னுக்குப் போரோமிரின் கொம்பொலி கேட்கிறது. இறங்கி ஓடுகிறான், ஒலி நின்றுவிடுகிறது. போய்ப் பார்த்தால், இளைப்பாறுவதுபோல மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் போரோமிர். உடம்பெல்லாம் கருஞ்சிறகு அம்புகள். கையில் பிடியோரம் முறிந்த வாள், பக்கத்தில் இரண்டாகப் பிளந்த கொம்பு, சுற்றிலும் எதிரிப் படையின் அரக்கர்களான ஓர்க்குகளின் பிணங்கள், குறைந்தது இருபது. அவன் வாயிலிருந்து முதலில் வருவது தான் செய்த தப்புதான். மோதிரத்தைப் பறிக்கப் பார்த்தேன், வருந்துகிறேன், அதற்கு விலை கொடுத்துவிட்டேன் என்கிறான். தோற்றுவிட்டேன் என்று அவன் சொல்ல, இல்லை, நீ வென்றுவிட்டாய் என்கிறான் அரகோர்ன். போரோமிர் புன்னகைக்கிறான். ஃப்ரோடோ அங்கே இருந்தானா என்று அரகோர்ன் கேட்பதற்குப் பதில் வருவதில்லை.

பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம் அதற்குப் பிறகு வருகிறது. மற்றத் தோழர்கள் லெகோலஸும் கிம்லியும் வந்தபின்னும், போரோமிரின் கடைசிச் சொற்களை அரகோர்ன் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார் டோல்கீன். செத்தவனின் மானத்தைக் காக்கும் அந்த மௌனம்தான் எனக்கு இந்த மரணத்தின் உச்சம்.

பாட்டு வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கம் இருந்தால், இங்கே மட்டும் விட்டுவிடுங்கள். உடலைப் படகில் ஏற்றி ராரோஸ் அருவிக்கு அனுப்பிவிட்டுப் பாடும் ஒப்பாரியில் மேற்கு, தெற்கு, வடக்குக் காற்றுகளிடம் சேதி கேட்கிறார்கள். கிழக்குக் காற்று கிம்லியின் பங்கு. அவன் பாட மறுக்கிறான். கிழக்கே எதிரியின் நாடு. போரோமிரின் நகரமான மினாஸ் திரித் மக்கள் அந்தக் காற்றைத் தாங்கிக்கொள்வார்களே தவிர, அதனிடம் சேதி கேட்கமாட்டார்கள் என்கிறான் அரகோர்ன்.

கண்ணால் தாவ முடியாததால் இந்தப் பகுதி ஒலிப்புத்தகத்தில் நன்றாக எடுபடுகிறது. ராப் இங்கிலிஸ் குரலில் 1990இல் வந்த பதிவும் உண்டு, ஆண்டி செர்கிஸ் குரலில் 2021இல் வந்த பதிவும் உண்டு. ஒப்பாரிக்கு இங்கிலிஸின் நிதானம்தான் பொருந்துகிறது. ஆனால் ஒலிப்புத்தகமும் பாகம் பாகமாகவே விற்கப்படுகிறது. முதல் இரண்டையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.

பீட்டர் ஜாக்சனின் 2001 படம் வேறு வழியில் போகிறது. மரணத்தை முதல் படத்தின் முடிவுக்கே கொண்டுவந்து, சண்டையை முழுக்கக் காட்டுகிறது. அம்பு எய்யும் லர்ட்ஸ் புத்தகத்தில் இல்லாத பாத்திரம். ஒவ்வோர் அம்புக்கும் பிறகு, போரோமிராக நடிக்கும் ஷான் பீன் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி வாளை ஓங்குவது அபாரம். சாகும் தறுவாயில் அரகோர்னை அரசனாக ஏற்கும் வசனமும் படத்துக்கென எழுதியதுதான், அழுத்தமாக நிற்கிறது. ஒப்பாரி மட்டும் இல்லை. அது பெரிய இழப்பு.

ஆனால் மூன்றாம் படத்தில் வரும் தியோடன் மன்னரின் சாவில் செய்த மாற்றம் எனக்கு ஒப்பவில்லை. படத்தில் அவர் தங்கை மகள் எயோவினிடம் பேசிவிட்டுச் சாகிறார். புத்தகத்தில் அவளுக்கு விடைசொல்லும்படி அவள் அண்ணன் எயோமரிடம் கூறிவிட்டு, அவள் பக்கத்திலேயே கிடப்பது தெரியாமல் கண்ணை மூடுகிறார். இதற்குப் புத்தகம்தான்.

ஆகவே முதலில் புத்தகம், பிறகு படம். இரண்டாம் படத்தை மட்டும் கூடுதல் காட்சிகள் சேர்த்த எக்ஸ்டெண்டட் பதிப்பில் பாருங்கள். ஓஸ்கிலியாத் நகரில் போரோமிரும் தம்பி ஃபாரமிரும் சேர்ந்து சிரிக்கும் காட்சியும், தந்தை போரோமிரை மோதிரத்துக்காக அனுப்பும் காட்சியும் திரையரங்கில் வந்த வடிவத்தில் கிடையாது.