கேபிளைக் காக்க எந்தக் கிரவுட்? குமரிக் கடலோரத்துக்கு ஓர் அலசல்

முட்டத்திலோ குளச்சலிலோ ஒரு புது ஆணியை வெளியில் போட்டுவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள், சிவந்து போயிருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. கூடவே உப்புக் காற்றும். அப்படிப்பட்ட இடத்தில் போஸ்ட் டென்ஷன் (கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே விட்ட கம்பிகளை இழுத்துப் பூட்டும் முறை) ஸ்லாபோ பாலமோ கட்டுகிறவர்கள் கான்கிரீட் கிரேடையும், ஸ்ட்ராண்ட் என்கிற அந்த இழுகம்பியின் கம்பெனியையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஸ்ட்ராண்டுகள் கேபிளாகச் சேர்ந்து ஓடும் குழாயான டக்டுக்குள் எதை நிரப்பப் போகிறோம், அதாவது எந்தக் கிரவுட் என்ற பேச்சு மட்டும் கடைசி நாளில்தான் வருகிறது. எனக்கு அதுதான் ஆதங்கம்.

சாதாரண கம்பி துருப்பிடித்தால் ஊதிப் பெருக்கும், கான்கிரீட் வெடிக்கும், பழுப்புக் கறை தெரியும். நமக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும். ஸ்ட்ராண்ட் அப்படியில்லை. ஏழு ஒயர் முறுக்கிய 15.2 மி.மீ. ஸ்ட்ராண்டில் ஒவ்வொரு ஒயரும் சுமார் 5 மி.மீ. கனம்தான். அதை அதன் பலத்தில் முக்கால் பங்கு அளவுக்கு இழுத்துப் பூட்டியிருக்கிறோம். அதில் சின்னதாக ஒரு குழி அரித்தாலே ஒயர் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. வேல்ஸில் யனிஸ்-இ-குவாஸ் என்ற பாலம் 1985 டிசம்பரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தது. நம் மேற்குக் கரையிலேயே, கோவாவின் மாண்டவி பாலம் 1986 ஜூலையில் விழுந்தது. இருபது வருஷம்கூட நிற்கவில்லை. இரண்டிலும் அரித்தது உள்ளே இருந்த இழுகம்பிதான்.

கிரவுட் டக்டின் ஓட்டையை அடைக்கிற பொருள் மட்டுமல்ல. சிமெண்டின் காரத்தன்மை ஸ்ட்ராண்டின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி நிறுத்துகிறது. காற்றும் உப்பும் உள்ளே வராமல் தடுக்கிறது. ஸ்ட்ராண்டையும் கான்கிரீட்டையும் ஒட்டவைக்கிறது. நிரம்பாத இடத்தில் இந்த மூன்றும் கிடையாது.

சரி, நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்.

முதலாவது, சைட்டிலேயே கலக்கும் சிமெண்ட் பால். 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டர் தண்ணீர், கலவையில் சேர்க்கும் ரசாயனமான ஒரு அட்மிக்ஸர், அவ்வளவுதான். மலிவு, எந்தக் கடையிலும் சிமெண்ட் கிடைக்கும், ஆட்களுக்கும் பழகிய வேலை. இதன் எதிரி அந்த 20 லிட்டர்தான். மதியம் ஆனால் கலவை இறுகும், பம்ப் திக்கும். "சாரே, ஒரு கப்பு வெள்ளம் விட்டா ஓடும்" என்று மிக்ஸர் பக்கத்திலிருந்து குரல் வரும். (நம் மேற்குப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதானே சொல்கிறோம்.) அந்தக் கப்பு நாலு தடவை விழுந்தால் 20 லிட்டர் 24 ஆகிவிடும். பால் நன்றாக ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உள்ளே சிமெண்ட் அடியில் படியும், தண்ணீர் பிரியும். முறுக்கிய ஒயர்களுக்கு நடுவே இருக்கும் சந்து விளக்குத் திரி மாதிரி. பிரிந்த தண்ணீர் அதன் வழியே ஏறி, கேபிளின் உச்சிப் பகுதியில் போய்ச் சேரும். தூணுக்கு மேலே, கேபிள் முனையைப் பூட்டும் ஆங்கருக்குப் பின்னால் என்று நாம் எங்கே மிகவும் பயப்பட வேண்டுமோ அங்கேதான். பிறகு அந்தத் தண்ணீர் வற்றி, வெற்றிடம் மட்டும் நிற்கும்.

இன்னொன்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. கடலோர போர்வெல்லில் வரும் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். அதைக் கிரவுட்டில் ஊற்றினால் கம்பியை அரிக்கும் குளோரைடு உப்பை நாமே ஸ்ட்ராண்டின் மேல் பூசுகிறோம். டேங்கர் சொல்லி நல்ல தண்ணீர் வாங்க வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டாவது, ஃபேக்டரியிலேயே கலந்து பையில் வரும் கிரவுட். அசையாமல் நின்றால் கூழ் மாதிரி இருக்கும், பம்ப் தள்ளினால் ஓடும். தண்ணீர் பிரிவது வெகு குறைவு. விலைதான் கடிக்கும். ஆனால் பை வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2003-இல் திறந்த ரிங்லிங் பாலத்தில், இந்த வகைக் கிரவுட் போட்ட கேபிள்கள் 2011-இலேயே அறுந்தன. உள்ளே கிரவுட் சில இடங்களில் இறுகாமல் ஈரக் களிம்பாகக் கிடந்தது. பழைய பையும் கூடுதல் தண்ணீரும் இந்தக் கிரவுட்டைப் பிரித்துவிடும். நம் ஊர் மழைக்காலத்தில் பைகளைத் தகர ஷெட்டில் இரண்டு மாதம் அடுக்கி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கையால் அமுக்கிப் பார்த்துக் கட்டி தட்டுப்பட்டால் அந்தப் பையை ஒதுக்கிவிடுங்கள். சாதாரண டிரம் மிக்ஸரும் இதற்கு ஆகாது, வேகமாகச் சுற்றும் மிக்ஸர் வேண்டும்.

மூன்றாவது, மெழுகு. ஃபுளோரிடாக்காரர்கள் இத்தனை அடிபட்ட பிறகு பல கேபிள்களுக்கு உருக்கிய மெழுகை நிரப்பும் வழிக்குப் போனார்கள். கேபிளைக் கழற்றிப் பார்க்கலாம், மாற்றலாம். அது பெரிய வசதி. ஆனால் கான்கிரீட்டோடு ஒட்டு கிடையாது. ஸ்ட்ராண்ட் எங்கே அறுந்தாலும் முழு நீளமும் போச்சு. மெழுகைச் சூடாக்கி ஏற்றப் பழகிய ஆட்களும் வேண்டும். உள்ளே கூடாக இருக்கும் பெட்டிப் பாலத்துக்குள், கான்கிரீட்டில் புதையாமல் ஓடும் கேபிள்களுக்கு நல்ல யோசனை. மண்டப ஸ்லாபுக்குத் தேவையில்லை.

என் தேர்வைக் கேட்டால்: கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் எது கட்டினாலும், நீளமான பாலக் கேபிள் எதுவானாலும், பிளாஸ்டிக் டக்டும் புதுப் பைக் கிரவுட்டும். தக்கலை, குலசேகரம் பக்கம் உள்நாட்டில் குட்டையான ஸ்லாப் கேபிள் என்றால், தண்ணீரை அளந்து ஊற்றும் ஆள் இருக்கிற வரை சிமெண்ட் பாலே போதும். அந்த ஆள் இல்லையென்றால் அங்கும் பைதான்.

எதை எடுத்தாலும், வேலைக்கு முந்தின நாள் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஸ்ட்ராண்ட் துண்டு ஒன்றை நிறுத்தி, அதைச் சுற்றிக் கிரவுட்டை ஊற்றி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் அந்தக் கலவை வேண்டாம். ஸ்ட்ரெஸ்ஸிங் (ஸ்ட்ராண்டை இழுத்துப் பூட்டுவது) முடிந்த இரண்டு வாரத்துக்குள் கிரவுட்டிங் முடிய வேண்டும் என்பது வழக்கமான விதி. கடலோரத்தில் நான் அத்தனை நாள்கூட விடமாட்டேன். அப்புறம், கிரவுட் இறுகிய மறுநாள் டக்டின் உச்சியில் உள்ள வென்ட் என்ற காற்றுத் துளையைத் திறந்து ஒரு கட்டுக்கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி தடங்கலில்லாமல் உள்ளே போனால் அங்கே நிரம்பவில்லை என்று அர்த்தம், பம்பைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.