வன்னியில் வயோலா: பல மாரிகள் வளர்த்த அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் வயோலா என்ற குளிர்ப்பக்கப் பூச்செடி பூக்குமா என்று கேட்பவர்களுக்கு: பூக்கும், மார்கழி, தை, மாசியில் மட்டும். 1,800 மீற்றருக்கு மேலே, நுவரெலியாவில் பாத்தி நிறைய நிற்கிற பூ இது. எங்கள் பங்குனி வெயிலில் தண்டு நீண்டு, இலை பழுத்து, மொட்டு விடுவதையே நிறுத்திவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மீளாது.

கடினம் முளைப்பில்தான். விதைக்கு 18 முதல் 21 பாகை வெப்பம் வேண்டும். ஐப்பசியில் அது எங்களுக்கு ஏது? விதைத் தட்டை வீட்டுக்குள் சீமெந்துத் தரையில் வைத்து, ஈரச் சாக்கால் மூடிவிடுவேன். சூடும் தணியும், இருட்டும் கிடைக்கும். இருட்டில்தான் இந்த விதை நன்றாக முளைக்கும். இரண்டு கிழமையளவில் முளை தெரிந்த உடனே சாக்கை எடுத்துவிட வேண்டும். விதைத்து முதல் பூவைக் காண இரண்டரை, மூன்று மாதம் போகும். ஐப்பசியைத் தவறவிட்டால் அந்த வருசம் போனதுதான்.

நிலத்தில் நடவேண்டாம். கார்த்திகை மழை தேங்கி வேரை அழுக்கிவிடும். தும்புத்தூள், மக்கிய மாட்டெரு, மணல் கலந்த சாடியென்றால் அடைமழைக்கு விறாந்தைக்குள் தூக்கலாம். பிறகு காலை வெயில் படும் கிழக்குப் பக்கம், மத்தியானம் வேப்பநிழல். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. அதையே ஊற்றினால் நரம்பு பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். பீலியில் வரும் மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், வித்தியாசம் தெரியும்.

வயோலாவின் இனமான பான்சியின் பெரிய பூ ஆசை காட்டும். ஆனால் மழைக்குத் தலை தொங்கிவிடும், சூட்டையும் தாங்காது. சின்னப் பூ வயோலாவையே நான் சொல்வேன். ஊதாவும் மஞ்சளும் கலந்த வகையில், பூனைமீசை போன்ற கறுப்புக் கோடுகள் தேனிருக்கும் இடத்தைத் தேனீக்குக் காட்டுகின்றன. மாரியில் வரம்போரம் முளைக்கிற ஓரிதழ்த்தாமரையும் இதே குடும்பம்தான். இரண்டு பூவையும் பக்கத்தில் வைத்துக் கீழிதழைப் பாருங்கள், எவ்வளவு அழகு!

வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிட்டால் மாசி முடியும்வரை பூத்துக்கொண்டிருக்கும். விதை வேண்டுமென்றால் சில காய்களை விடுங்கள். தொங்கிய காய் நிமிர்ந்ததும் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாக வெடித்துத் தெறித்துவிடும். கலப்பின விதையில் அடுத்த வருசம் அதே நிறம் வராது. பங்குனியில் அந்தச் சாடிகளுக்கு நான் வைப்பது பத்துமணிப்பூ.